அக்காவின் பங்குக் காளை

பதுளைக்கு ரயில் வருவதற்குச் சில வருஷங்களுக்கு முன்னால், அப்புத்தளைக்கும் ஹல்துமுல்லைக்கும் இடையிலுள்ள ஏற்றத்தில் நடந்தது இது. ரோட்டோரம் ஒரு பலா மரம் நிற்கும் வளைவு. அந்த வளைவு வரும்போது இன்றைக்கும் நான் வண்டிக்குள் உட்கார்ந்திருப்பதில்லை. இறங்கி நடந்துதான் கடப்பேன்.

எங்களுக்கு அப்போது வீடு கிடையாது. அப்பாவின் ரெட்டை மாட்டு வண்டிதான் வீடு. அப்புத்தளை ஸ்டேஷனிலிருந்து தோட்டங்களுக்கு அரிசி மூட்டை ஏற்றிப் போவோம். தோட்டங்களிலிருந்து தேயிலைப் பெட்டி ஏற்றி வருவோம். அது இல்லாத நாட்களில் பதுளைக் கடைகளின் சாமான் நமுனுகுலைக்கும் மொனராகலைக்கும் போகும். சேர்ந்தாற்போல் மூன்று ராத்திரி ஒரே இடத்தில் தங்கினால் அம்மா, "என்னங்க, வண்டி வேர் விட்டுருச்சா?" என்று அப்பாவைக் கேலி செய்வாள்.

நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, கொழும்பு ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கப் பயின்று, ஒரு தோல் பையோடு திரும்பி வந்தவள். திரும்பி வந்தது அந்த வண்டிக்குத்தான். வண்டி போகிற வழியில், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களிலிருந்து ஆள் வந்து கூப்பிடுவார்கள். போய்ப் பார்த்துவிட்டு வந்து மறுபடி ஏறிக்கொள்வேன். ஆஸ்பத்திரியில் எனக்கு ஏற்பட்ட பழக்கம் ஒன்று உண்டு. வேலையைத் தொடங்குமுன் வேண்டியதையெல்லாம் பரப்பி வைத்து வாய்விட்டுச் சொல்லவேண்டும்: கத்தரிக்கோல், நூல், வெந்நீர், துணி, மருந்துச் சோப்பு. சொல்லி முடித்தால்தான் கை நடுங்காது. நாளடைவில் எல்லாவற்றையும் அப்படியே வரிசை வைத்துச் சொல்லத் தொடங்கிவிட்டேன்.

எங்கள் பண்ணையையும் அப்படித்தான் சொல்வேன். ஆம், வீடில்லாத எங்களுக்குப் பண்ணை இருந்தது. அம்மா காவேரிக் கரைப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். மண்ணைத் தொடாமல், ஒரு மாட்டின் முதுகைத் தடவாமல் அவளுக்குப் பொழுது போகாது. வண்டியின் இரண்டு பக்கமும் மண்ணெண்ணெய்த் தகரங்களைக் கட்டித் தொங்கவிட்டு அதில் கொடிப்பசலையும் கொத்தமல்லியும் வளர்த்தாள். அச்சுக்குக் கீழே கூடையில் நாலு கோழி. ரோட்டில் வைத்துக்கொள்ள முடியாததையெல்லாம் ரோட்டோரத்து மனிதர்களிடம் வாரத்துக்கு விட்டிருந்தாள்.

வாரத்துக்கு விடுவது என்றால் இதுதான். நம் கிடாரியை ஒருவரிடம் வளர்க்கக் கொடுப்போம். புல் அவர்களுடையது, பாலும் அவர்களுக்கே. முதல் ஈற்றுக் கன்று வளர்த்தவருக்கு, அடுத்தது நமக்கு, அதற்கடுத்தது மறுபடி அவருக்கு. தாய் மாடு என்றைக்கும் நம்முடையது. இதற்குப் பத்திரம் எழுதுவதில்லை, ஒருவரும் மீறியதுமில்லை.

பொழுது சாய்ந்து மாடுகளை அவிழ்த்துக் கட்டியதும் அம்மா, "சொல்லு கண்ணு" என்பாள். நான் சொல்வேன். நமுனுகுலையில் கொம்பு மழுங்கின எருமை, சினை. பசறை ரோட்டில் இரண்டு வெள்ளாடு, ஒன்று குட்டி போட்டது. மொனராகலைப் பக்கத்தில் ஒரு சிங்களக் குடும்பத்தோடு கூட்டாகப் போட்ட குரக்கன் என்கிற கேழ்வரகு, காவல் பரண் கட்டியாயிற்று. ஹல்துமுல்லைக்கு மேலே செவலைப் பசு. அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். தன் வயலின் வரப்பில் நடந்துவிட்டு வந்தவள் மாதிரி முகம் தெளியும்.

அந்தச் செவலைப் பசுவை வளர்த்தவர்தான் இந்தக் கதைக்குரிய அக்கா.

பலா மரத்து வளைவிலிருந்து மேலே ஒரு குறுக்குப் பாதை ஏறும். அதன் முடிவில் லயம். லயத்தின் கடைசிக் காம்பராவில், ஒற்றை அறை வீட்டில், அக்காவும் அவர் புருஷனும் இருந்தார்கள். பிள்ளைகள் இல்லை. அக்காவுக்கு என்னைவிடப் பத்து வயது கூடுதலாக இருக்கலாம். நெட்டையான ஆள், கொழுந்துக் கூடையின் கயிறு இழுத்து இழுத்து நெற்றியில் ஒரு தழும்பு. காம்பராவுக்குப் பின்னால் தகரமும் மூங்கிலும் வைத்து அவரே கட்டிய கொட்டகையில் செவலை நின்றது.

செவலையின் முதல் ஈற்றின்போது தற்செயலாக நாங்கள் கீழே ரோட்டில் இருந்தோம். கன்றின் ஒரு முன்னங்கால் உள்ளே மடங்கிக்கொண்டு வெளியே வரவில்லை. அக்காவின் புருஷன் ஓடிவந்து அப்பாவைக் கூப்பிட்டார். கூடவே நானும் போனேன். மாட்டுக்குப் பிரசவம் பார்த்து எனக்குப் பழக்கமில்லை. ஆனாலும் தேங்காயெண்ணெய் தடவிக் கையை விட்டுக் காலை நேராக்கி இழுத்தேன். கறுப்பும் சிவப்புமாக ஒரு காளைக் கன்று வழுக்கிக்கொண்டு என் மடியில் விழுந்தது. அக்கா செவலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"கொழும்புல மாட்டுக்கும் சேத்துத்தான் சொல்லிக் குடுத்தாங்களா, டொக்டரம்மா?"

அன்றிலிருந்து நான் அவருக்கு டொக்டரம்மாதான்.

ஈன்ற மாட்டின் நஞ்சுக்கொடியை மண்ணில் போடக்கூடாது, பால் வடிகிற மரத்தில் கட்டினால்தான் மடி சுரக்கும் என்பது எங்கள் சனங்களின் வழக்கம். ஊரிலே ஆலமரத்தில் கட்டுவார்கள். இங்கே அந்தப் பக்கம் ஆலமரம் இல்லை. பலா மரம் இருந்தது. காய்ந்த மானாப் புல்லில் சுற்றிச் சாக்குத் துண்டில் பொதிந்து அக்காவே மரத்தில் ஏறிக் கட்டினார். இறங்கிவந்து, "இனி நீங்க மேல ஏறி வந்து கேக்கவேணாம். மரத்துல பொதி தொங்கினா மாடு ஈன்ருச்சுன்னு ரோட்டுல இருந்தே தெரிஞ்சுக்கலாம்" என்று அம்மாவிடம் சொன்னார்.

முதல் கன்று என்பதால் காளை அக்காவின் பங்கு. அதை அவர் வளர்த்த விதம் வேறு. தன் சோற்றில் ஒரு பிடி அதற்கு வைத்துவிட்டுத்தான் சாப்பிடுவார். கூப்பிட்டால் நாய்க்குட்டி மாதிரி பின்னாலே வரும். நாங்கள் அந்த வழியே போகும்போதெல்லாம் புல்லுக்கட்டோடு ரோட்டுக்கு இறங்கிவந்து சக்கரத்தில் சாய்ந்து நின்று பேசுவார். பேச்சு எப்போதும் எங்கள் வண்டியைப் பற்றித்தான் இருக்கும். படுக்கிற இடம் எவ்வளவு, மழைக்கு ஒழுகுமா, ராத்திரி பயமாக இருக்காதா என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்.

ஒருநாள் காளையைக் காட்டிக் காரணம் சொன்னார். "இதுக்கு ஒரு சோடி மட்டும் கெடைச்சுருச்சுன்னு வைங்க டொக்டரம்மா, நாங்களும் உங்கள மாதிரி ரோட்டுக்கு வந்துருவோம். விடியாம தப்பு அடிக்கிற சத்தம் கேக்காத எடத்துல ஒரு நாளாச்சும் தூங்கி எந்திரிக்கணும்."

தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டுக்கு, அதாவது வரிசையில் நின்று பேர் கொடுப்பதற்கு, ஆட்களை எழுப்பத் தப்பு மேளம் அடிப்பார்கள். நாங்கள் அதைக் கேட்டபடி வண்டிக்குள் புரண்டு படுத்துக்கொள்வோம். அவருக்கு அது அப்படியில்லை. எங்களுக்குக் கால் ஊன்ற ஒரு துண்டு நிலம் வேண்டும்; அவருக்கு அந்த மண்ணிலிருந்து கிளம்ப ஒரு வண்டி வேண்டும். அம்மா அதைக் கேட்டுச் சிரித்து, "மாத்திக்குவமா?" என்றாள். அக்காவும் சிரித்தார். ஆனால் அவர் கை காளையின் திமிலைத் தடவிக்கொண்டே இருந்தது.

காளைக்கு மூன்று வயது நடக்கும்போது, செவலை இரண்டாம் தடவை நிறைசினையாக இருந்த ஐப்பசி மாதத்தில், எங்கள் வண்டி அந்த வளைவில் நின்றது.

மூன்று நாளாக மழை. தேயிலைப் பெட்டி நிறைய ஏற்றியிருந்தோம். மறுநாள் மாலைக்குள் அப்புத்தளை ஸ்டேஷனில் சேர்க்கவேண்டும். எங்களுக்கு லோடு கொடுக்கிற குத்தகைக்காரர் அதற்கு முந்தின மாதம்தான் ஒரு தடவை தாமதமானதற்கு அப்பாவைப் பலபேர் முன்னால் ஏசியிருந்தார். இன்னொரு முறை நேர்ந்தால் லோடே கிடையாது என்றும் சொல்லியிருந்தார். அந்த நினைப்பில் அப்பா மழை விடக் காத்திருக்காமல் ஏற்றிவிட்டார். பலா மரத்துக்குப் பக்கத்தில் வலது மாடு சறுக்கியது. வண்டி பின்னோக்கி உருண்டது. மாட்டின் பின்னங்கால் சக்கரத்துக்கும் பாறைக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. கல் கொடுத்து வண்டியை நிறுத்தி நான் போய்த் தொட்டுப் பார்த்தேன். தொடையெலும்பு இரண்டாக இருந்தது. அப்பா என் முகத்தைப் பார்த்தார். நாலு வருஷமாக எங்களை இழுத்த மாடு விடிவதற்குள் போய்விட்டது.

ஒற்றை மாட்டை வைத்துக்கொண்டு அந்த ஏற்றத்தில் காலி வண்டியைக்கூட நகர்த்த முடியாது. எங்களுக்கு முன்னால் போன வண்டிகள் எப்போதோ மேலே ஏறியிருக்கும். மழைக்குப் பயந்து பின்னால் யாரும் வரவில்லை. அப்பா மாட்டின் தலைமாட்டில் குந்தியிருந்தார். அம்மா அவருக்கு மேலே சாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அக்காவுக்கு முந்தின நாள் மாலையே சங்கதி தெரியும். புல் அறுக்க வந்தபோது பார்த்துவிட்டுக் கஞ்சி கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போயிருந்தார். வெளுக்கத் தொடங்கும்போது தலையில் கம்பளியைப் போட்டுக்கொண்டு மறுபடி இறங்கி வந்தார். பின்னால் அந்தக் காளை. அதற்குப் பின்னால் அவர் புருஷன், முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு.

"இதப் பூட்டிக்கிட்டுப் போங்கண்ணே" என்றார் அப்பாவிடம்.

அப்பா எழுந்துவிட்டார். "வேணாம் தாயி. அது நுகமே பாக்காத காளை. அதோட அது ஒன் பங்கு. நாளைக்கு இதுக்கும் ஒண்ணு ஆச்சுன்னா நான் எந்த மொகத்த வச்சுக்கிட்டு இந்த வழியா வர்றது?"

"பங்கு எங்க போயிரப்போகுது? அடுத்த தடவ வரும்போது கொண்டாந்து விடுங்க."

புருஷனுக்குப் பொறுக்கவில்லை. "காளையக் குடுத்துட்டு நீ போய் வண்டிய இழுக்கப்போறியா?" என்றார்.

"இழுக்கத்தான் போறேன். அது நான் முன்னாடி போனாத்தான் நடக்கும்."

அவர் சொன்னது அப்படியே நடந்தது. நுகத்தை வைத்ததும் காளை தலையை உதறிக்கொண்டு நின்றுவிட்டது. அப்பா தட்டினார், அதட்டினார். அசையவில்லை. அக்கா வண்டிக்கு முன்னால் பத்தடி போய்த் திரும்பி நின்று, "வா ராசா" என்றார், சாதாரணமாக, கொட்டகைக்குக் கூப்பிடுகிற மாதிரி. காளை ஒரு அடி வைத்தது. பழைய இடது மாட்டுக்கு வழி தெரியும், அதுவும் இழுத்தது. சக்கரம் கல்லைவிட்டு எழும்பியது.

அந்த நேரத்தில் மேலே லயத்தில் தப்பு அடித்தது.

எனக்கு அப்போதே மனத்தில் உறுத்தியது. பெரட்டுக்குப் போகாவிட்டால் அன்றைய பேர் விழாது, கூலியும் கிடையாது. சொல்லாமல் தோட்ட எல்லையைத் தாண்டினால் அதைவிடப் பெரிய குற்றம். கங்காணிக்கும் கணக்கப்பிள்ளைக்கும் பதில் சொல்லவேண்டும். நான் அவர் பக்கத்தில் போய், "தப்பு அடிச்சிருச்சுக்கா, நீங்க போங்க. நாங்க எப்படியாவது பாத்துக்கிறோம்" என்றேன்.

"அடிக்கட்டும்" என்றார் அக்கா. "இன்னிக்கி அது எனக்கு இல்ல."

அவர் முகத்தில் பயமில்லை. திருவிழாவுக்குப் போகிறவளின் முகம் மாதிரி இருந்தது. என்னால் அதற்குமேல் வற்புறுத்த முடியவில்லை. வற்புறுத்த மனம் வரவில்லை என்பதுதான் சரி. அவர் திரும்பிப் போயிருந்தால் வண்டி அங்கேயே நின்றிருக்கும் என்பது எனக்கும் தெரியும்.

ஏற்றம் முழுக்க அவர் முன்னால் நடந்தார். அப்பா இடது மாட்டுப் பக்கம், நானும் அம்மாவும் சக்கரத்துக்குக் கல் கொடுத்துக்கொண்டு பின்னால். மழைக்குள் அவருடைய கம்பளி மட்டும் மங்கலாகத் தெரியும். "வா ராசா, வா" என்பது கேட்டுக்கொண்டே இருக்கும். வழியில் இரண்டு இடத்தில் காளை முட்டி போட்டது. இரண்டு தடவையும் திரும்பி வந்து அதன் நெற்றியில் தன் நெற்றியை வைத்து ஏதோ சொன்னார். எழுந்தது.

மத்தியானம் கழிந்து அப்புத்தளைக்கு வந்து சேர்ந்தோம். பெட்டிகளை இறக்கினோம். குத்தகைக்காரர் புதுக் காளையைப் பார்த்துவிட்டு, "எங்கேருந்து பிடிச்சீங்க?" என்று மட்டும் கேட்டார். எங்கள் பிழைப்பு நிலைத்துவிட்டது.

அக்கா ஸ்டேஷனைப் பார்த்தார். ரயில் நின்றிருந்த பக்கம் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். காலி வண்டிக்குள் ஏறி உட்கார்ந்து கூண்டின் ஓலையைத் தொட்டார், அம்மாவின் படுக்கைப் பாயைத் தொட்டார், காலை நீட்டிப் பார்த்தார். நான் சோறு போட்டுக் கொடுத்தேன். தங்கிவிட்டுக் காலையில் போகலாம் என்று எல்லாருமாகச் சொன்னோம். செவலைக்குப் புல் வைக்கவேண்டும் என்று எழுந்துவிட்டார். கையில் எதையாவது கொடுத்தனுப்ப அம்மா தவித்தாள். அவர் ஒன்றும் வாங்கவில்லை. தகரத்திலிருந்து கொடிப்பசலையில் ஒரு துண்டு ஒடித்துக்கொண்டார். "வாசல்ல ஊன்றேன். வண்டி வாசல்ல நிக்கிற மாதிரி இருக்கும்" என்றார்.

காளை அவர் பின்னாலேயே போகப் பார்த்தது. அப்பா கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டார். அக்கா திரும்பிப் பார்க்காமல் இறக்கத்தில் போனார். திரும்பினால் அது கயிற்றை அறுத்துக்கொண்டு வந்துவிடும் என்று அவருக்குத் தெரியும்.

ஒரு வாரத்தில் திரும்பி வந்து காளையை ஒப்படைத்துவிடுவது என்று முடிவு செய்தோம். அது எங்கள் எண்ணம். ஆனால் அடுத்த லோடு பதுளைக்குக் கிடைத்தது. பதுளையிலிருந்து நமுனுகுலைக்கு. அங்கே ஒரு லயத்தில் இரட்டைப் பிள்ளைப் பிரசவம். தாய்க்குக் காய்ச்சல் கண்டதால் நான் விட்டுவிட்டு வர முடியவில்லை. அதற்குள் மலை சரிந்து ரோடு அடைத்துக்கொண்டது. ரோடு திறந்தபோது அம்மா படுத்துவிட்டாள். ஒவ்வொன்றும் நியாயமான காரணம்தான், அன்றும் இன்றும். அப்பாவும் வெறுங்கையோடு அக்கா முன்னால் போய் நிற்கக்கூடாது என்று தனக்கொரு மாடு தேடிக்கொண்டிருந்தார். இதற்கிடையில் அந்தக் காளை நுகத்துக்கு நன்றாகப் பழகிவிட்டது. அதையும் நான் மறைக்கவில்லை. அது எங்கள் வண்டிக்குப் பொருத்தமாக இருந்தது. அதனால் எங்கள் அவசரம் குறைந்துவிட்டது. மாலையில் பண்ணையைச் சொல்லும்போது, "காளை, அக்காவோடது, நம்மிடம்" என்று தவறாமல் சொன்னேன். சொல்லிவிட்டதே போதும் என்று மனம் அமைதிப்பட்டுக்கொண்டது.

தை பிறந்த பிறகுதான் போனோம். அப்பா வேறொரு மாடு வாங்கியிருந்தார். அக்காவின் காளையை நுகத்தில் பூட்டாமல், கழுவிக் கொம்புக்கு எண்ணெய் தடவி, வண்டிக்குப் பின்னால் கட்டி நடத்தி வந்தோம். அம்மா அக்காவுக்கு ஒரு சேலை எடுத்திருந்தாள். தூரத்திலேயே பலா மரம் தெரிந்தது. மரத்தில் பொதி தொங்கிக்கொண்டிருந்தது.

அம்மா கையைத் தட்டிக்கொண்டு, "ஈன்ருச்சு. நம்ம பங்கு" என்றாள். பொதி மழையில் நனைந்து காய்ந்து கறுத்திருந்ததை நான் கவனித்தேன். பல நாளாகியிருக்கும் என்று நினைத்தேன், அவ்வளவுதான் நினைத்தேன். காளையைப் பிடித்துக்கொண்டு குறுக்குப் பாதையில் ஏறினேன். வழி தெரிந்ததும் அதுதான் என்னை இழுத்துக்கொண்டு போயிற்று.

கடைசிக் காம்பராவின் வாசலில் கொடிப்பசலை தளதளவென்று கூரைவரை ஏறியிருந்தது. உள்ளேயிருந்து எனக்குத் தெரியாத ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். அடுத்த காம்பராவின் பெரியம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார். என்னையும் காளையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மாட்டக் கொண்டாந்துட்டீங்களா?" என்றார். "மாட்டுக்காரிதான் இல்ல."

அவர் சொல்லச் சொல்லத்தான் தெரிந்தது. எங்களோடு வந்துவிட்டுத் திரும்பிய மறுநாள் கணக்கப்பிள்ளை அக்காவைப் பெரட்டில் நிறுத்தி எங்கே போனாய் என்று கேட்டிருக்கிறார். காய்ச்சல் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விட்டிருப்பாராம். அக்கா, வண்டிக்காரர்களை ஏற்றிவிடப் போனேன் என்று உள்ளதைச் சொல்லியிருக்கிறார். ரோட்டில் போகிறவர்கள்தான் உனக்கு வேண்டியவர்கள் என்றால் ரோட்டுக்கே போ என்று அவர் வைய, அக்காவின் புருஷன் கையை ஓங்கிவிட்டார். அதற்குமேல் என்ன? இருவரையும் பேர் வெட்டி, வேலையிலிருந்து நிறுத்தியதற்குத் துண்டுச் சீட்டு கொடுத்துவிட்டார்கள். துண்டு கொடுத்தால் காம்பராவைக் காலி செய்யவேண்டும்.

கிளம்புவதற்கு முந்தின நாள்தான் செவலை ஈன்றது. கிடாரிக் கன்று. அக்கா மழையில் மரத்தில் ஏறிப் பொதியைக் கட்டிவிட்டு வந்தாராம். மாட்டையும் கன்றையும் ஓட்டிக்கொண்டு போகச் சொல்லிப் புருஷன் சண்டை போட்டிருக்கிறார். காளைக்கு ஈடாக வைத்துக்கொண்டால் யார் கேட்கப்போகிறார்கள் என்று பெரியம்மாவும் சொல்லிப் பார்த்தாராம்.

"கேக்கலியே. 'செவல அவங்க மாடு, இந்தக் கன்னும் அவங்க பங்கு. பங்கு மாத்தக்கூடாது'ன்னு சொல்லி என் கையில கயித்தக் குடுத்துட்டுப் போனா. ஒடனே போகல, ஆமா. ரெண்டு நாளு அந்தப் பலா மரத்துக்கடியிலதான் ரெண்டு பேரும் மூட்டையோட ஒக்காந்திருந்தாங்க. இப்ப வண்டி வந்துரும், காளையப் புடிச்சுக்கிட்டுப் போயிரலாம்னு. நீங்க எங்க வந்தீங்க?"

அவர் அதைக் குத்திக்காட்டச் சொன்னதாகக்கூடத் தெரியவில்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். கொட்டகைக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் செவலையையும் கன்றையும் காட்டினார். இரண்டும் கொழுத்து நின்றன. காளை உள்ளே நுழைந்து தன் பழைய மூலையில் போய் நின்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது.

அங்கே நின்று என் பழக்கப்படி ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தேன். செவலை, எங்களுடையது. கிடாரிக் கன்று, எங்களுடையது. காளை, அவருடையது, ஆனால் கயிறு என் கையில் இருந்தது. மூன்று மாடும் எங்களிடம். அக்கா ரோட்டுக்கு வந்தே விட்டார். மாடும் இல்லை, வண்டியும் இல்லை.

எந்தப் பக்கம் போனார்கள் என்று கேட்டேன். கொஸ்லாந்தைப் பக்கம் என்றார் பெரியம்மா. மொனராகலைப் பக்கம் புதிதாக ரப்பர் போடுகிறார்கள், அங்கே ஆள் எடுக்கிறார்கள் என்று பேசிக்கொண்டதாகவும் சொன்னார். அதற்குப் பிறகு நான் கேட்ட கேள்வியை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு கூசுகிறது.

"அக்கா பேரு என்ன பெரியம்மா?"

பெரியம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நாலு வருஷம் எங்கள் மாட்டை வளர்த்தவர். அவர் வளர்த்த பசுவின் கொம்பு எந்தப் பக்கம் வளைந்தது என்று எனக்குத் தெரியும்; எந்தக் காம்பில் பால் குறைவு என்று தெரியும்; எந்த மாதம் சினை பிடித்தது என்றும் தெரியும். அவர் எனக்கு 'செவலை அக்கா'. பேரைக் கேட்கத் தோன்றியதே இல்லை. கடலுக்கு அக்கரையில், இந்தியாவில் எந்த ஊர், யாருடைய மகள், தங்கை தம்பி உண்டா, ஒரு ஆபத்து என்றால் யாரிடம் போவார், ஒன்றும் தெரியாது.

பெரியம்மா பேரைச் சொன்னார். பத்திரிகையின் இந்தப் பகுதிக்கு எழுதுகிறவர்கள் பேர் குறிப்பிடுவதில்லை என்பதால் நானும் எழுதவில்லை. எழுதினாலும் பயனில்லை. லயத்துக்கு இரண்டு பேருக்கு இருக்கிற பேர் அது. ஊர் பெரியம்மாவுக்கும் தெரியவில்லை.

கீழே இறங்கிவந்து சொன்னேன். அப்பா உடனே வண்டியைக் கொஸ்லாந்தைப் பக்கம் திருப்பினார். அந்தப் பயணத்தில் லோடு இல்லை. கேட்டுக்கொண்டே போனோம், மொனராகலைவரை போனோம். நெற்றியில் தழும்புள்ள நெட்டையான அக்கா என்று கேட்டால், இங்கே எந்த அக்காவின் நெற்றியில் தழும்பில்லை என்று திருப்பிக் கேட்டார்கள். அந்தப் பேரைச் சொன்னால் ஒவ்வொரு தோட்டத்திலும் யாரையாவது கூட்டிவந்து நிறுத்தினார்கள். காளையைப் பிடித்துக்கொண்டு போய் நான் ஒவ்வொருவர் முன்னாலும் நின்றேன். காளை ஒருவரையும் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு வருஷங்கள் போய்விட்டன. பதுளைவரை ரயில் வந்துவிட்டது. வண்டிகளுக்கு லோடு குறைந்துவிட்டது. மொனராகலைப் பக்கம் அந்தச் சிங்களக் குடும்பத்தின் காணிக்குப் பக்கத்திலேயே ஒரு துண்டு நிலம் அமைந்திருக்கிறது. அம்மா அங்கே மாடுகளையெல்லாம் ஒன்று சேர்த்துவிட்டாள். ரோட்டில் இப்போது நானும் அப்பாவும்தான். ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரியில் எனக்கு நிரந்தர வேலையும் இருக்க வீடும் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த மாதம் சொல்கிறேன் என்று தள்ளிக்கொண்டு வருகிறேன். இருக்கிற இடத்தில் உட்கார்ந்துவிட்டால் அக்காவைக் கேட்டுத் தேடுவது நின்றுவிடும்.

செவலை அதற்குப் பிறகும் ஈன்றது. ஒன்று அக்காவுக்கு, அடுத்தது எங்களுக்கு என்று அம்மா முறை மாற்றவே இல்லை. அக்காவின் பங்கில் இப்போது காளையோடு ஒரு கிடாரியும் அதன் கன்றும் இருக்கின்றன. அவர் ஆசைப்பட்டபடி காளைக்குச் சோடியாக நல்ல காளை ஒன்றும் சேர்ந்திருக்கிறது. காளையை அப்பா அன்றைக்குப் பிறகு நுகத்தில் வைக்கவில்லை. வண்டிக்குப் பின்னால் நடந்து வருகிறது. பலா மரத்து வளைவில் தானாக நிற்கும். நானும் இறங்கி நிற்பேன். யாரும் வரமாட்டார்கள் என்று அதற்குத் தெரியக் கொஞ்ச நேரம் பிடிக்கும், பிறகு நடக்கும்.

இப்போதெல்லாம் எந்த லயத்தில் பிரசவத்துக்குக் கூப்பிட்டாலும், கத்தரிக்கோல், நூல், வெந்நீர் என்று சொல்வதற்கு முன்னால், வலியில் கிடக்கிற பெண்ணின் கையைப் பிடித்து அவள் பேரையும் ஊரையும் கேட்டுக்கொள்கிறேன். கேட்கிற ஒவ்வொரு தடவையும், ஒருத்தியிடம் கேட்காமல் விட்டது நினைவுக்கு வருகிறது.